அரையடிக்குக் கீழே இருந்த மண்

இருபத்தெட்டு ஆண்டுகள் வாய்மூடி இருந்தாகிவிட்டது. போதும். இன்னும் பேசாமலிருந்தால் அதற்கு அடக்கம் என்று பேர் வைக்க முடியாது.

நேற்று மூன்றாம் பிரிவேளையில் பத்தாம் வகுப்புக்குக் குளோரைடு சோதனை செய்து காட்டினேன். சோற்றுப்புக் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டை இரண்டு சொட்டு விட்டதும் குழாய்க்குள் தயிர் திரிந்ததுபோல வெள்ளையாக இறங்கியது. பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பழுப்புப் புட்டியின் மூடி சரியில்லை. ஒரு சொட்டு என் ஆள்காட்டி விரலில் வழிந்தது. துடைத்துவிட்டு மறந்துவிட்டேன். இன்று காலை நாளிதழை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். விரல் நுனியில் சுட்டதுபோல ஒரு கறுப்பு.

"பேனா மை கொட்டிருச்சா?" என்றாள் என் மனைவி.

"இல்ல. வெயில் பட்டா கறுக்கும்."

"சோப்புப் போட்டுக் கழுவுங்களேன்."

கழுவினால் போகாது என்று எனக்குத் தெரியும். சிநேகிதா, உன் விரல்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டது அது. மண் ஆய்வுக்கூடத்தில் நீ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உன் வலக்கையில் மூன்று விரல்கள் எப்போதும் கறுத்தே இருக்கும். உன் கல்யாணத்தில் எஸ்தருக்கு மோதிரம் போடும்போதுகூட. "இது தேச்சாப் போகாதுடா. தோல் வளந்து அதுவா உதிரணும்," என்று சொல்வாய். உதிர்வதற்குள் அடுத்த சொட்டு விழுந்துவிடும் உனக்கு.

பதினெட்டு நாள் முன்னால் உன்னைப் பெட்டியில் கிடத்தியிருந்தபோது கைகளுக்கு வெள்ளை உறை போட்டிருந்தார்கள். உன் விரல்களை நான் பார்க்கவில்லை. பார்க்க நேராமல் போனதில் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நாம் இருவரும் ஒரே மேசையில் நின்று வேதியியல் படித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு நினைவிருக்கிறதா? ஆளுக்கொரு பொட்டலத்தில் பெயர் சொல்லாத ஓர் உப்பு. சோதித்து, அது இன்னது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். தாளில் மூன்று பத்திகள்: சோதனை, உற்றுநோக்கல், கடைசியாக அறிவன, அதாவது முடிவு. ஆனால் நம் பள்ளியில் அட்டெண்டரைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டால் போதும். துடைக்கிற துணியோடு மேசைப் பக்கம் வந்து, "தம்பி, உனக்கு நவச்சாரம்," என்று காதோடு சொல்லிவிட்டுப் போவார். நவச்சாரம் என்றால் அம்மோனியம் குளோரைடு. விடை தெரிந்த பிறகு சோதனை எதற்கு? நான் குழாயைக்கூட நனைக்காமல், என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அத்தனையையும் பார்த்ததாக எழுதி, அழகாகக் கோடு போட்டு, முதல் ஆளாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உனக்கும் அவர் சொன்னார். நீ கேட்காததுபோல் இருந்துவிட்டாய். ஒவ்வொன்றாகச் செய்தாய், நேரம் போதாமல் போயிற்று. எனக்கு முழு மதிப்பெண். உனக்குக் குறைந்தது. உன் அப்பா சர்ச்சில் உபதேசியார். அதை வைத்து வெளியே வேப்பமரத்தடியில் உன்னைக் கேலி செய்தேன்.

"உபதேசியார் வீட்டுப் பிள்ளை. பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்திரும்."

"சாமிக்கு இல்லடா. நீ இப்புடியே பழகிட்டன்னா, என்னைக்காவது நெசமாவே தெரியாத உப்பு ஒண்ணு வரும். அன்னைக்கு என்ன பண்ணுவ?"

அன்றைக்கு நான் சிரித்தேன். உன்னிடம் எனக்கிருக்கும் முதல் கோபம் அதுதான். ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்டு அதைத் திரும்ப ஒருமுறை சொல்ல மாட்டாய். எனக்கெல்லாம் இரண்டு முறை சொல்ல வேண்டும்.

அந்த உப்பு பத்து வருடம் கழித்து எங்கள் வயலிலேயே வந்தது.

நம் ஊர் பூம்புகாருக்குத் தெற்கே, கடலிலிருந்து மூன்று மைல். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற இடம். மேலே இருப்பவர்கள் குளித்து, பாய்ச்சி, சண்டை போட்டு மிச்சம் வைத்ததுதான் நமக்கு. இருந்தாலும் ஒருபோகம் விளைந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு வடிகால் ஓரமாக எட்டு மா நிலம், இரண்டரை ஏக்கருக்குச் சற்று மேல். இறால் கம்பெனிக்காரர்கள் வந்தபோது முதலில் பண்ணையார் வீட்டு நிலத்தை வாங்கினார்கள். பிறகு ராமையன் சித்தப்பா கொடுத்தார். அவர் கொடுத்ததும் நடுவில் நெல்வயல்களின் சங்கிலி அறுந்துவிட்டது. வயலை வெட்டிக் குட்டையாக்கி, கடல் தண்ணீரை இறைத்து நிரப்பினார்கள். எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் உப்புத்தண்ணீர், இந்தப் பக்கம் நெல். கரைவேட்டி கட்டிய ஒன்றியச் செயலாளர் ஒருவர் நடுவில் நின்று பேசி முடித்துவைத்தார். பிறகு ஆட்சி மாறியது. வேட்டியின் கரை நிறம் மாறியது. பேசி முடிக்கிற ஆள் மட்டும் இருந்துகொண்டே இருந்தார்.

விற்காதவர்கள் அப்பாவையும் சேர்த்துப் பதினோரு பேர். கம்பெனி அவர்கள் நிலத்தையும் கேட்டது. குட்டைகளிலிருந்து உப்பு கசிந்து வயல் கெடுகிறது, இறால் பண்ணையை நிறுத்த வேண்டும் என்று பதினோரு பேரும் மனுக் கொடுத்தார்கள். விசாரணைக்கு நாள் குறித்து, மண் பரிசோதனை அறிக்கையோடு வரச் சொன்னார் தாசில்தார்.

நான் அப்போதுதான் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஊரில் பி.எஸ்சி. படித்துவிட்டு நிலத்தையும் தொட்டுப் பார்க்கிற ஆள் நான் ஒருவன்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். "மண்ணு எடுக்குற வேலைய நான் பாத்துக்குறேன்," என்று டீக்கடையில் சொன்னேன். உன்னிடம் வந்தேன். நீ அச்சடித்த ஒரு துண்டுத்தாளைக் கொடுத்தாய். அது போதாது என்று தரையில் குச்சியால் கிழித்தும் காட்டினாய்.

"மேல இருக்குறத சுரண்டித் தள்ளிடு. மம்முட்டியால சாய்வா ரெண்டு வெட்டு, அரையடி ஆழம். ஓரத்துலேருந்து ஒரு சீவு, மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே கனமா. இதுமாதிரி பத்து எடம். கலந்து, நாலாப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்க ஒதுக்கிடு. மிச்சத்த திரும்பவும் நாலாக்கு. கடைசில அரைக்கிலோ நிக்கும்."

"தெரியும்டா, எனக்கே பாடம் எடுக்குறியா."

"இதுவும் கேளு. எல்லாத்தையும் ஒரே பையில போட்டுடாத. குட்டையோரம் ஒண்ணு, நடு வயல் ஒண்ணு, இந்தக் கோடி ஒண்ணு, தனித்தனியா கொண்டா. உப்பு எந்தப் பக்கத்துலேருந்து நடந்து வருதுன்னு அதுவே சொல்லிடும்."

இந்தக் கடைசிச் சொற்களை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது. எங்கள் பதினோரு பேரையும் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே வழி அதில் இருந்தது. குட்டையோரத்தில் உப்பு அதிகம், விலக விலகக் குறைவு என்று மூன்று பைகளும் சொல்லியிருந்தால், எவனாலும் அதை மறுத்திருக்க முடியாது.

நான் என்ன செய்தேன்? சித்திரை வெயிலில் வயல் வெடித்துக் கிடந்தது. வெடிப்புகளின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பாடம்தான். வெயில் மேலே உறிஞ்ச உறிஞ்ச, அடியிலிருக்கும் தண்ணீர் மண்ணின் நுண்துளைகள் வழியே ஏறி வரும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல. வந்த தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அது சுமந்து வந்த உப்பு போக வழியில்லாமல் மேலேயே தங்கிவிடும். வயல் முழுவதிலும் இருக்கிற கொஞ்சநஞ்ச உப்பும் கோடையில் மேல்தோலுக்கு வந்து நிற்கும். ஒரு தண்ணீர் கட்டினால் திரும்பக் கீழே இறங்கும், வடிகாலில் ஓடும். இதை எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான்.

ஆனாலும் அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்கு விடை கிடைத்துவிட்டது. கம்பெனிக்காரனின் உப்பு. இது எவ்வளவு அதிகமாகத் தெரிகிறதோ அவ்வளவு நமக்கு நல்லது. மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தேங்காய்த் தொட்டியால் மேல்மண்ணைச் சுரண்டினேன். வெள்ளையாக இருந்த இடமாகத் தேடித் தேடிச் சுரண்டினேன். பதினோரு பேர் வயலிலும் அப்படித்தான். ஆளுக்கொரு துணிப்பை. அரையடிக்குக் கீழே இருந்த மண்ணை ஒரு சிட்டிகைகூட எடுக்கவில்லை.

வாங்கி வைக்கும்போது ஒரு பையைப் பிரித்து விரலால் அளைந்தாய். "எவ்வளவு ஆழம் போன?" என்று கேட்டாய்.

"முறைப்படிதான் எடுத்தேன்."

உன்னிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அறிக்கை வாங்க வந்த நாளில் நீ தாள்களைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாய்.

"அதிகமா இருக்குடா. தை மாசம் அறுப்பு அறுத்த வயலுக்கு இவ்வளவு வராது. இன்னொரு தடவ எடுத்துட்டு வா. நான் முன்னாடியே போட்டுக் குடுத்துடுறேன்."

"வேணாம். எங்களுக்கு இதான் வேணும்."

"இதான் வேணும்னா எதுக்குடா டெஸ்ட்டு?"

நான் கையை நீட்டினேன். நீ கொடுத்தாய்.

இங்கேதான் என் பெரிய மனத்தாங்கல். நீ கொடுத்திருக்கக் கூடாது. உனக்குத் தெரிந்துவிட்டது. சுரண்டிய மண் கையில் எப்படி இருக்கும், வெட்டிய மண் எப்படி இருக்கும் என்று உன்னைவிட அந்த மாவட்டத்தில் யாருக்குத் தெரியும்? போடா என்று பைகளைத் தூக்கி வெளியே வீசியிருக்கலாம். நாம் பேசாமல் போயிருப்போம், ஆறு மாதத்தில் சரியாகியிருக்கும். சிநேகிதன் கேட்கிறான் என்று நீ கொடுத்தாய். சோதித்ததைச் சோதித்தபடி எழுதினாய், அதில் பொய் ஓர் எழுத்தும் கிடையாது. ஆனால் கொடுத்தாய்.

விசாரணையன்று தாலுகா ஆபீஸ் வராந்தாவில் பதினோரு பேரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பா சட்டை கூடப் போட்டிருந்தார். தாசில்தார் தாள்களைப் புரட்டினார். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. களைத்துப்போன மனிதர்.

"உவர் மண்ணுன்னு போட்டிருக்கே எல்லாத்துலயும். இதுல நெல்லு எப்படிங்க வெளையும்?"

"போன தை மாசம் அறுத்தோங்க," என்றார் அப்பா.

"நீங்க சொல்றீங்க. நீங்க கொண்டாந்த ரிப்போர்ட்டு வேற சொல்லுதே."

"அது அவங்க குட்டைலேருந்து வந்த உப்புங்க," என்று நான் முன்னால் வந்தேன்.

"அப்படி எங்க எழுதிருக்கு? குட்டையோரத்து வயலுக்கும் அதே அளவு, அரை மைல் தள்ளி இருக்குற வயலுக்கும் அதே அளவு. கசிஞ்சு வந்திருந்தா ஓரத்துல கூட, தூரத்துல கம்மின்னுதானே தம்பி இருக்கணும்? நீங்க சயின்ஸ் வாத்தியார்தானே?"

கம்பெனி மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குரலை உயர்த்தாமல், கிட்டத்தட்ட அன்பாகவே சொன்னார்: "எங்க வக்கீலு செய்ய வேண்டிய வேலைய நீங்களே செஞ்சு குடுத்துட்டீங்க, சார்."

சாகுபடிக்கு லாயக்கற்ற உவர் நிலம் என்று அவர்கள் மனு போட்டார்கள். எங்கள் அறிக்கையே அதற்கு இணைப்பு. பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதில் எங்கள் வயல்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். உவர் நிலத்துக்கு எதற்கு ஆற்றுத் தண்ணீர் என்றார்கள். தண்ணீர் இல்லாத வயலில் மேலே வந்த உப்பு மேலேயே நின்றது. நான் பொய்யாகக் காட்டியது இரண்டு கோடையில் உண்மையாகிவிட்டது. நாற்று நட்டால் வேர், தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதில் தன்னிடம் இருந்ததையும் பறிகொடுத்தது. பத்தாம் வகுப்பில் உருளைக்கிழங்கைக் குடைந்து உள்ளே தண்ணீர் ஊற்றி, உப்புக் கரைசலில் நிறுத்திவைத்தோமே, மறுநாள் உள்ளே தண்ணீர் வற்றி, கிழங்கு தொய்ந்துபோயிருந்ததே, அதே கதை. அன்றைக்கு நீதான் அதைத் தொட்டுப் பார்த்து, "பாவம்டா," என்றாய். ஒரு கிழங்குக்கு.

பதினோரு பேரும் ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். அப்பா கடைசி ஆள். கொடுத்த நிலத்திலேயே அவரைக் காவலுக்கு வைத்தார்கள். நீர்க்காகம் இறாலைத் தின்ன வரும். தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு கரையில் நடக்க வேண்டும். தன் எட்டு மாவைச் சுற்றி, தான் போட்ட வரப்பு இருந்த இடத்தில், பகலெல்லாம் அவர் தகரம் தட்டிக்கொண்டு நடந்தார். நான் சம்பளம் வாங்குகிறேன், வேண்டாம் என்றேன். "வேற எங்கடா போயி நிப்பேன்?" என்றார். நாலு வருடத்தில் இறாலுக்கு நோய் வந்து கம்பெனி குட்டைகளைப் போட்டுவிட்டுப் போனது. இப்போது அங்கே சீமைக்கருவேல் மட்டும்தான். அப்பா அதைப் பார்க்க இல்லை.

அன்று தாலுகா ஆபீஸ் விசாரணை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போதே அப்பா கேட்டார். "மண்ணு எங்கேருந்துடா எடுத்த?"

பஸ்ஸில் பத்துப் பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் மேல்முறையீடு செய்திருக்கலாம். புதிதாக மண் எடுத்திருக்கலாம். நேரம் இருந்தது.

"எடுத்ததெல்லாம் சரியாத்தாம்ப்பா எடுத்தேன். எழுதுனவன்தான் மாத்தி எழுதிட்டான்."

பஸ் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. "உபதேசியார் மவனா? அவன் வெல போயிட்டானா?" என்றார்கள். யாரும் சந்தேகப்படவில்லை. கம்பெனி ஜீப் உன் ஆய்வுக்கூட வாசலில் நின்றதைப் பார்த்ததாக மறுநாளே ஒருவர் சொன்னார். இன்னொருவர் அதற்கு நிறமும் சொன்னார். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் ஆரம்பித்து வைத்தால் போதுமாயிருந்தது.

அதோடு விட்டேனா? விடவில்லை. நீ ஒருநாள் ஊருக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்து, "மண்ணு மேலாக எடுத்தது," என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் கதை முடிந்தது. நீ சொல்வதற்கு முன்னால் உன் சொல்லுக்கு மதிப்பில்லாமல் செய்துவிட வேண்டும். ஒரு முழுத்தாளில் உன் மேலதிகாரிக்கு மொட்டைக் கடிதம் எழுதினேன். ஆய்வுக்கூட ஊழியர் ஒருவர் இறால் கம்பெனியிடம் கைநீட்டி, விளைநிலத்தை உவர் நிலம் என்று எழுதிக்கொடுத்துப் பதினோரு குடும்பங்களைத் தெருவில் நிறுத்திவிட்டார் என்று. கீழே, "பாதிக்கப்பட்ட விவசாயிகள்." எழுத்தை மாற்றக்கூட நான் மெனக்கெடவில்லை. மொட்டைக் கடிதத்தின் எழுத்தை யார் ஆராயப்போகிறார்கள் என்ற தைரியம்.

விசாரணை வைத்தார்கள், நிரூபணம் இல்லை என்றார்கள், இருந்தாலும் உன்னைத் தூக்கி வறண்ட மாவட்டம் ஒன்றில் போட்டார்கள். நிரூபணம் இல்லை என்றது ஊருக்கு வந்து சேரவில்லை. மாற்றினார்கள் என்றது மறுநாளே வந்து சேர்ந்தது.

ஏழெட்டு வருடம் கழித்துத் திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். தேர் முடிந்த மறுநாள், கூட்டம் கலையவில்லை. நான் ஒதுங்கப் பார்த்தேன். நீதான் வந்து தோளில் கைவைத்தாய். டீ வாங்கிக் கொடுத்தாய். எஸ்தரைப் பற்றியும் மகளைப் பற்றியும் சொன்னாய். உன் விரல்கள் கறுத்திருந்தன. பஸ் புறப்படும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "உப்பு மேலாகத்தான்டா இருந்துச்சு. கீழ நல்ல மண்ணு," என்றாய்.

அவ்வளவுதான். ஏறிப் போய்விட்டாய். அந்தக் கிளாஸை நான் கீழே வைத்த விதத்தில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வந்தது வெட்கம் என்று நினைக்காதே. கோபம். நீ என்னைத் திட்டியிருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். உன் பொறுமையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அப்போதுகூட, மண் விஷயம் மட்டும்தான் உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கடிதம் தெரியாது என்று.

உன்னை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்துக்கு உன் அலுவலகத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். நம் ஊரிலிருந்து, உங்கள் சர்ச் தெருக்காரர்களைத் தவிர, நாலு பேர். அதில் ஒருவன் நான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நீ இந்த ஊருக்கே திரும்பி வந்து ஒன்றரை வருடம் இருந்திருக்கிறாய், அதுவரை உன் வீட்டுப் படியை நான் மிதித்ததில்லை. எல்லோரும் போன பிறகு எஸ்தர் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் என்னை இன்னமும் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறாள்.

"ஊருக்காரங்க வரலண்ணே," என்றாள். "உப்பு எழுதிக் குடுத்தவன் வீடுன்னுதான் இன்னமும் அடையாளம் சொல்றாங்க. போன மாசம் பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்டயும் யாரோ சொல்லிட்டாங்க. அவரு இருந்தாரு, கேட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தாரு."

பிறகு உள்ளே போய்ப் பழைய கோப்பு ஒன்றை எடுத்துவந்தாள். விசாரணைக் குறிப்பாணை. அதோடு இணைத்த நகல், பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து. என் முன்னால் விரித்து வைத்தாள்.

"இதான் அந்த லெட்டரு. விசாரணையில அவர்கிட்ட காட்டி, யாரு எழுத்துன்னு தெரியுதான்னு கேட்டாங்களாம். தெரியலன்னு சொல்லிட்டு வந்தேன்னாரு. எங்கிட்டயும் அதேதான். ஆனா இத பத்திரமா வெச்சிருந்தாருண்ணே. நீங்க ரெண்டு பேரும் சின்ன வயசுலேருந்து ஒண்ணாப் படிச்சவங்க. ஊர்ல எல்லாரையும் ஒங்களுக்குத் தெரியும். யாரு எழுத்துண்ணே இது?"

பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் என் பதிவேட்டை வாங்கிப்போய் உன் பதிவேட்டில் படம் வரைந்தவன் நீ. என் எழுத்து உனக்கு உன் எழுத்தைவிட நன்றாகத் தெரியும். அந்த மேசையில் அவர்கள் அதை உன் முன்னால் வைத்த கணத்தை நான் நினைத்துப் பார்க்கிறேன். மாதிரி எடுத்தவர் என்று பதினோரு படிவங்களிலும் என் பெயர் இருக்கிறது. கடிதத்தில் என் எழுத்து இருக்கிறது. நீ ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை போயிருக்கும். தெரியவில்லை என்றாய்.

நான் அந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். டீயைக் குடித்து முடித்தேன்.

"தெரியலம்மா," என்றேன்.

நீ சொன்ன அதே சொல். நீ சொன்னபோது அதில் நான் பிழைத்தேன். நான் சொன்னபோது உன்னை இரண்டாம் முறையாகப் புதைத்தேன், ஒரே நாளில்.

நான் நல்லவனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ராமையன் சித்தப்பாவை மன்னிக்கவில்லை. ஒன்றியச் செயலாளரின் மகன் இப்போது பெரிய ஆள். அவனைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடப்பேன். அந்த மேனேஜர் எங்கேயாவது நிம்மதியாகப் பேரப்பிள்ளைகளோடு இருப்பான் என்று நினைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை. உன்மேலும் இருக்கிறது. அறிக்கையைக் கொடுத்ததற்கு. அதைவிட, காட்டிக்கொடுக்காததற்கு. ஆனால் இந்தக் கணக்குகளையெல்லாம் கூட்டிக் கழித்தாலும், தேங்காய்த் தொட்டி பிடித்த கை என்னுடையது என்பது மாறவில்லை.

ஒவ்வொரு வருடமும் மண் பாடம் வரும்போது பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறேன். சாய்வாக இரண்டு வெட்டு, அரையடி, மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக ஒரு சீவு. நீ சொன்னபடியே சொல்கிறேன். சுரண்டி எடுத்துவருகிறவனைத் திருப்பி அனுப்புகிறேன், அழுதாலும். உன்னிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது இதுதான்.

இந்தக் கடிதத்தை உன் பெயருக்கு எழுதினேன். உறையில் எஸ்தரின் முகவரியை எழுதியிருக்கிறேன். நடந்தது முழுவதும் இதில் இருக்கிறது. பாதி படிப்பதற்குள்ளேயே அவளுக்கு ஆள் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் அந்த விசாரணைக் கோப்பை எடுத்து, பழைய தாளையும் இந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். பார்க்கட்டும். சோதனையும் உற்றுநோக்கலும் இங்கே எழுதியாயிற்று. மூன்றாம் பத்தியை நான் நிரப்பப் போவதில்லை. வாழ்நாள் முழுக்க அதை முதலில் நிரப்பியே பழகியவன் நான். இந்த ஒரு முறை அதை அவள் எழுதட்டும். எழுதி ஊருக்குக் காட்டட்டும், டீக்கடைச் சுவரில் ஒட்டினாலும் சரி. என் ஒப்பம் வேண்டும் என்று தோன்றினால் வந்து கேட்கட்டும். நாலரை மணிக்கு மேல் வீட்டில்தான் இருக்கிறேன். அவள் எதிரிலேயே போட்டுக் கொடுக்கிறேன்.

அதுவரை, முன்னால் போன கடிதம் போலவே இதுவும் மொட்டையாகவே போகட்டும். இந்தத் தாளையும் உள்ளே வைத்துப் பசை தடவி ஒட்டிவிடுவேன். உடனே தபால் பெட்டியில் போட எழுந்துவிடுவேன். உறையின் மடிப்பில் விரலை வைத்து அழுத்திப் பார்க்கிறேன், கறுப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.